பாவுக்கும் சாதி வைத்தார்கள்

எம்.ஏ. தமிழ் படித்தபோது யாப்பிலக்கண வகுப்பில் ஒருநாள் எழுந்து நின்று கேட்டேன்: "ஐயா, எங்க அத்தை ஒப்பாரி வைக்கும். அது என்ன பா?" வகுப்பு சிரித்தது. ஆசிரியர் சிரிக்கவில்லை. நல்ல மனுசர்தான். "அதுக்கெல்லாம் யாப்பு கிடையாதுப்பா. அது உணர்ச்சி. நாட்டுப்புறவியல் தாள்ல வரும், அப்பப் பார்ப்போம்" என்றார். உட்கார்ந்துவிட்டேன்.

பல வருசமாக அந்தப் பதில் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்பதுதான் உறுத்தலுக்குக் காரணம். எது செய்யுள், எது வெறும் அழுகை என்ற பிரிவினை அவருக்கும் முன்னாலேயே நடந்து முடிந்துவிட்டது. யார் பிரித்தார்கள், எந்த அளவுகோலை வைத்துப் பிரித்தார்கள் என்பதை அசை அசையாகப் பிரித்துப் பார்த்துவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் காலனி சீயமங்கலத்துக்குப் பக்கம். செஞ்சிக்கு வடக்கே, தேசூரை ஒட்டிய ஊர் அது. அங்கே மகேந்திரவர்மப் பல்லவன் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடைந்த கோயில் இருக்கிறது. இன்றைக்குத் தூணாண்டார் கோயில் என்கிறார்கள். லளிதாங்குரன் என்ற பட்டப்பெயரோடு, 'அவனிபாஜன பல்லவேசுவரம்' என்று கோயிலுக்கும் ஒரு பெயர் வைத்து, வடமொழிச் செய்யுளை வெட்டி வைத்திருக்கிறான். விழுப்புரம் - செஞ்சி சாலைப் பக்கம் மண்டகப்பட்டில் இன்னொரு குடைவரை. செங்கல் இல்லை, மரம் இல்லை, உலோகம் இல்லை, சுதை இல்லை, இப்படி ஒரு கோயிலை எடுத்தேன் என்று அங்கேயும் ஒரு வடமொழிச் செய்யுள். எதெல்லாம் இல்லாமல் கட்டினான் என்று பட்டியல் போட்ட அந்தச் செய்யுள், யாருடைய கை இருந்தது என்பதைப் பற்றி மூச்சு விடவில்லை.

நமக்கு வேண்டியது மூன்றாவது ஊர், தளவானூர். அங்குள்ள சத்துருமல்லேசுவரம் என்ற குடைவரையில் வடமொழிச் செய்யுளோடு ஒரு தமிழ் வெண்பாவும் இருக்கிறது. செஞ்சிப் பக்கத்துப் பாறையிலேயே ஒரு வெண்பா கிடைக்கிறபோது பாடப்புத்தக உதாரணம் எதற்கு?

வெண்பா என்றால் என்ன என்று ஒரு வரி சொல்லிவிடுகிறேன், எல்லாத் தோழர்களும் தமிழ் படித்தவர்கள் அல்ல. எழுத்து சேர்ந்து அசை. அசை இரண்டு வகை, நேர், நிரை. தனித்து ஒலிப்பது நேர், இரண்டு குறிலாகவோ குறிலும் நெடிலுமாகவோ இணைந்து ஒலிப்பது நிரை. அசை சேர்ந்து சீர். ஒரு சீருக்கும் அடுத்த சீருக்கும் நடுவில் இருக்கும் கட்டு, தளை. தளை என்றால் விலங்கு என்றும் பொருள் என்பது நினைவில் இருக்கட்டும். மாச்சீருக்குப் பின்னால் நிரை வர வேண்டும், விளச்சீருக்கும் காய்ச்சீருக்கும் பின்னால் நேர் வர வேண்டும். இதுதான் வெண்டளை. வெண்பாவில் வேறு தளை எட்டிப் பார்க்கக் கூடாது. நேரிசை வெண்பா என்றால் நாலு அடி. கடைசி அடியில் மூணு சீர்தான், அந்தக் கடைசிச் சீரும் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நாலு வாய்பாட்டில் ஒன்றில் போய் நின்றுவிட வேண்டும். பேச்சு அதற்கு மேல் ஓடக் கூடாது. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுகிற மாதிரி.

தளவானூர் வெண்பாவில் முதல் இரண்டு அடிகளும் இரண்டாவது எழுத்தில் 'ண்' என்று எதுகை கொள்கின்றன. இரண்டாம் அடியின் கடைசியில் நிற்கும் தனிச்சொல்லும் அதே எதுகை. அந்தத் தனிச்சொல் 'கண்டான்'. உண்டாக்கினான் என்று பொருள். யார் கண்டான்? தொண்டை மாலை போட்ட வேந்தன் கண்டான். எதுகையும் தனிச்சொல்லும் சேர்ந்து செய்யும் வேலையைக் கவனியுங்கள். முதல் அடியின் தொடக்கத்தில் மாலையைக் காட்டிய அதே ஒலி, இரண்டாம் அடியின் முடிவில் செயலைக் கொண்டுவந்து அந்த மாலைக்காரன் கையில் கொடுக்கிறது. காது ஒத்துக்கொண்ட பிறகு மூளை கேள்வி கேட்பதில்லை. நல்ல யாப்பின் பலம் இது. இதைத்தான் அதிகாரம் வாடகைக்கு எடுக்கிறது.

இந்தச் செய்யுளைச் சொன்னவன் பெயரும் கல்லில் இருக்கிறது. பிரமமங்கலத்துச் செல்லன் சிவதாசன். ராசா பெயர் இருக்கிறது, சாமி பெயர் இருக்கிறது, பாடினவன் பெயர் ஊரோடு இருக்கிறது. உளி பிடித்தவன் பெயர் இல்லை. அவன் நம்ம ஆள்தான் என்று உரிமை கொண்டாட நான் வரவில்லை. அதற்குக் கல்லில் சான்று கிடையாது. ஆனால் ஒரு செய்யுளில் யாருக்கு இடம், யாருக்கு இடமில்லை என்ற கணக்கு பாறையிலேயே தெரிகிறது.

பாறையில் இருந்த கணக்கு பின்னால் இலக்கணமாகவே ஆனது. அதற்குப் பாட்டியல் என்று பெயர். பன்னிரு பாட்டியல், வெண்பாப் பாட்டியல், நவநீதப் பாட்டியல், சிதம்பரப் பாட்டியல் என்று ஒரு வரிசையே இருக்கிறது. தொல்காப்பியச் செய்யுளியலில் பாவுக்குச் சாதி கிடையாது. அது ஓசையைப் பேசுகிறது, அடியைப் பேசுகிறது, தொடையைப் பேசுகிறது. பாட்டியல்காரர்கள்தான் பங்கு பிரித்தார்கள். வெண்பா அந்தணருக்கு. ஆசிரியப்பா அரசருக்கு. கலிப்பா வணிகருக்கு. வஞ்சிப்பா நாலாம் வருணத்தாருக்கு. நாலு பா, நாலு வருணம், சரியாகப் போச்சு. ஐந்தாவதாக நிற்கிற பஞ்சமனுக்குப் பா கிடையாது. என் ஆசிரியர் 'அதுக்கெல்லாம் யாப்பு கிடையாது' என்று சொன்னாரே, அதன் வேர் இங்கே இருக்கிறது.

பாவோடு விடவில்லை, எழுத்துக்கும் போனார்கள். உயிர் பன்னிரண்டும் க, ங, ச, ஞ, ட, ண என்ற முதல் ஆறு மெய்யும் அந்தணர் எழுத்து. த, ந, ப, ம, ய, ர அரசர் எழுத்து. ல, வ, ற, ன வணிகர் எழுத்து. மிச்சம் இருக்கிற ழ, ள இரண்டும் சூத்திர எழுத்து. வருணப் பொருத்தம் என்று இதற்குப் பெயர். பாட்டின் முதல் சொல் பாட்டுடைத் தலைவனின் சாதிக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பார்கள், சாதகம் பார்க்கிற மாதிரி. தமிழ் தமிழ் என்று மேடையில் முழங்குகிறோமே, 'தமிழ்' என்ற சொல்லில் இருக்கிற ழகரம் பாட்டியல் கணக்குப்படி சூத்திர எழுத்து. சிறப்பு ழகரம் என்று புளகாங்கிதம் அடைகிற புலவர்கள் யாரும் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவதில்லை. அந்த எழுத்துக் கணக்கிலும் பஞ்சமனுக்கு என்று ஓர் எழுத்து இல்லை. வாய் மட்டும் இருக்கிறது.

அப்புறம் எண்ணிக்கை. கலம்பகம் பாடினால் தேவருக்கு 100 பாட்டு, அந்தணருக்கு 95, அரசருக்கு 90, அமைச்சருக்கு 70, வணிகருக்கு 50, வேளாளருக்கு 30. மரக்கால் வைத்து அளந்து போடுகிற கூலி மாதிரிப் புகழும் அளந்து போடப்பட்டிருக்கிறது. புகழேந்திப் புலவர் பாடியதாகச் சொல்லப்படும் செஞ்சிக் கலம்பகம் நம் மண்ணின் பெயரைச் சுமந்தது. அந்த இலக்கிய வகைக்கே இப்படி ஒரு அளவுப்படி இருந்தது என்பதை மறந்துவிட்டு நாம் பெருமைப்பட முடியாது. அதே புகழேந்தி பெயரில்தான் அல்லி அரசாணி மாலை போன்ற பெரிய எழுத்துக் கதைப்பாடல்களும் அச்சாகிச் சந்தையில் விற்றன. தெருவில் பாடிய பாட்டு அச்சுக்குப் போக ஒரு புலவர் பெயரைக் கடன் வாங்க வேண்டியிருந்தது.

இதையெல்லாம் பார்ப்பான் மட்டும் செய்தான் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். உண்மை அப்படி இல்லை. வெண்பாப் பாட்டியல் எழுதிய குணவீர பண்டிதர் சமணர். யாப்பருங்கலக் காரிகை எழுதிய அமிதசாகரரும் சமணர்தான். இதே சீயமங்கலம் குன்றில் சமணச் சிற்பங்கள் இருக்கின்றன. செஞ்சிக்குப் பக்கத்து மேல்சித்தாமூரில் இன்றும் சமண மடம் இருக்கிறது. வேதத்தை ஏற்காத மதத்துக்காரரும் பாட்டியல் எழுத உட்கார்ந்தால் வருணத்தை எழுதுகிறார். பார்ப்பனியம் என்பது ஒரு சாதியின் பெயரல்ல, எழுதுகோலைப் பிடிக்கிறவன் தலைக்குள் ஓடுகிற ஒழுங்கு என்று நாம் சொல்வதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

ஆனால் பாட்டியல் போட்ட வேலி நிற்கவில்லை. அந்தணர் பா என்று சொன்ன வெண்பாவில்தான் திருக்குறள் இருக்கிறது. அதை எழுதியவரைப் பறைச்சி வயிற்றில் பிறந்தவர் என்று சொல்லும் கதையும் இந்த நாட்டில்தான் வழங்குகிறது. நம் சனங்களுக்குச் சாவு, கல்யாணம், நாள், நட்சத்திரம் பார்த்தவர்கள் வள்ளுவர்கள். பண்டிதர் அயோத்திதாசர் (1845 - 1914) தன் பாட்டனார் கந்தப்பன் வீட்டிலிருந்த திருக்குறள் ஏட்டை எல்லிஸ் துரையிடம் கொடுத்ததாக எழுதியிருக்கிறார். ஹாரிங்டன் துரை வீட்டில் பட்லர் வேலை பார்த்த ஒரு பறையர் வீட்டுப் பரணில் குறள் வெண்பா இருந்திருக்கிறது! அயோத்திதாசர் யாப்புத் தெரிந்தவர், 1907இல் தொடங்கிய பத்திரிகையில் செய்யுளைத் தூக்கிப் போட்டு அலசியவர். அவர் வெண்பாவை எவன் வீட்டுச் சொத்தாகவும் நினைக்கவில்லை.

இப்போது அத்தையிடம் வருகிறேன்.

ஒருமுறை டேப் ரிக்கார்டரை எடுத்துக்கொண்டு போய் முன்னால் வைத்து, "அத்தை, மாமா செத்தப்போ பாடுனியே, அதப் பாடு" என்றேன். "அட பாவி, எழவு வூட்டுப் பாட்ட சும்மா கெடக்கற வூட்டுல பாடச் சொல்றியே, இப்ப யாரு சாவணும் இன்றே?" என்று துடைப்பத்தை எடுத்துவிட்டது. அதனால் அத்தையின் வரிகளை நான் எழுதப் போவதில்லை. அது வேண்டாம் என்றது, வேண்டாம். அதன் வார்ப்பில் நானே இரண்டு அடி கட்டிக் காட்டுகிறேன். குறை இருந்தால் என்னுடையது.

கல்லைப் பொளந்தெடுத்தே கால்காணி கேக்கலியே
நெல்லைக் குவிச்சளந்தே நேர்கூலி கேக்கலியே

கல் - நெல், இரண்டாம் எழுத்து 'ல்', அடி எதுகை. கல்லை - கால்காணி, நெல்லை - நேர்கூலி, மோனை. கேக்கலியே - கேக்கலியே, கடைசியில் ஒத்து முடிவது இயைபு. மூன்று தொடையும் இரண்டு அடிக்குள் இருக்கிறது. இனி தளையைப் பாருங்கள். 'கல்லைப்' தேமா. பின்னால் 'பொளந்தெடுத்தே', நிரையில் தொடங்கும் கருவிளங்காய். மாமுன் நிரை, வெண்டளை. அடுத்து 'கால்காணி' தேமாங்காய், 'கேக்கலியே' கூவிளங்காய். காய்முன் நேர், காய்முன் நேர், வெண்டளை. இரண்டாம் அடியும் அப்படியே. காரிகை படிக்காத கிழவிகள் எழவு வீட்டில் தோள் மேல் கை போட்டு உட்கார்ந்து ஆடிக்கொண்டே கட்டுகிற வார்ப்பு இது. பல ஒப்பாரிகளில் தளை தட்டும், இங்கே தட்டவில்லை என்பதற்காக எல்லாம் வெண்பா என்று நான் சொல்லவில்லை. எதுகை, மோனை, இயைபு, நாற்சீர் ஓட்டம், இந்த நாலும் அவர்கள் காதில் இருக்கிறது என்கிறேன். இலக்கணம் அதற்கு அப்புறம் வந்தது.

ஆனால் எழவு வீட்டில் இந்த அடி இப்படியே பாடப்படுவதில்லை. நடுவில் ஒரு கூப்பாடு விழும்.

கல்லைப் பொளந்தெடுத்தே - ராசா
கால்காணி கேக்கலியே

'ராசா' தேமா. அதன் பின்னால் 'கால்காணி' நேரில் தொடங்குகிறது. மாமுன் நேர். வெண்டளை உடைந்து போச்சு. உடைந்து என்ன ஆகிறது? நேரொன்றாசிரியத் தளை ஆகிறது. அதாவது ஆசிரியப்பாவின் தளை. ஆசிரியப்பாவின் ஓசைக்கு அகவல் என்று பெயர், அகவுதல் என்றால் கூப்பிடுதல். அவள் கூப்பிடுகிற இடத்தில் சரியாக அகவலின் தளை வந்து உட்காருகிறது. பாட்டியல்காரன் ஆசிரியப்பாவை யாருக்குக் கொடுத்தான்? அரசனுக்கு. இவள் கால்காணிக்கு வழியில்லாமல் செத்துக் கிடக்கிற கூலிக்காரனை ராசா என்று கூப்பிடுகிறாள்.

இது தற்செயல் என்று ஒருவர் சொல்லலாம். ராசா, சாமி, அம்மா, ஐயா, எல்லாமே தேமாதான், பின்னால் நேர் வந்தால் எவன் எழுதினாலும் ஆசிரியத் தளைதான். ஒத்துக்கொள்கிறேன். கிழவி தளை எண்ணிப் பார்த்துக் கூப்பிடவில்லை. ஆனால் அந்த ஓட்டத்தைக் கூப்பாடு அறுக்கிறது என்பதும், அறுபட்ட இடத்தில்தான் கூட்டம் மாரடித்துக்கொண்டு கதறுகிறது என்பதும் தற்செயல் அல்ல. அடிக்குள் அடங்காமல் தனியாக நிற்கும் சொல்லுக்கு யாப்பில் 'கூன்' என்று பெயர். பொதுவாக அடியின் தொடக்கத்தில்தான் வரும். வஞ்சிப்பாவில் மட்டும் நடுவிலும் கடைசியிலும் வரலாம் என்று சலுகை. நாலாம் வருணத்துப் பா அல்லவா, கூன் விழுந்தால் பரவாயில்லை போலிருக்கிறது! நம் பாட்டில் ஒவ்வொரு அடி நடுவிலும் கூன். நாற்று நட்டுக் கூன் விழுந்த முதுகோடு உட்கார்ந்து பாடுகிற பாட்டு அது.

இன்னொன்று, முடிவு. வெண்பா நாள், மலர், காசு, பிறப்பு என்று போய்ச் சாத்திக்கொள்ளும். தளவானூரில் கோயில் கட்டியாச்சு, சொல்லியாச்சு, முடிந்தது. ஒப்பாரிக்கு ஈற்றடி கிடையாது. 'கேக்கலியே' என்ற கடைசி ஏகாரம் நீண்டு அளபெடையாகப் போகும். அது தேயும்போது பக்கத்தில் இருக்கிறவள் அதே எதுகையைப் பிடித்துக்கொண்டு அடுத்த அடியைத் தொடங்குவாள். தனிப் புலவன் பெயர் வெட்டிக்கொள்ள இடமில்லாத வடிவம். இரண்டு அடியும் ஒரே அச்சு, ஒரு சொல் மட்டும் மாறும். முதலில் கல், அப்புறம் நெல், அப்புறம் மாடு, அப்புறம் கிணறு. இப்படியே போனால் ஒருத்தன் ஆயுசு பூரா செய்த வேலையின் கணக்கும், வாங்காத கூலியின் கணக்கும் விடிவதற்குள் முழுசாக வந்துவிடும். 'நீ கேக்கலியே' என்று செத்தவனைத் திட்டுவது போலிருக்கும், தெருக்கோடியில் துண்டைத் தோளில் போட்டு நிற்கிற நிலக்காரன் காதில் போய் விழும். கல்லில் வெட்டிய செய்யுள் விட்டுவிட்ட பெயர்களை எழவு வீட்டுப் பாட்டு ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறது.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை, முதலில் எனக்கே. ஒப்பாரியில் வெண்டளை இருக்கிறது பார் என்று காட்டி, அதனால் அதுவும் உயர்ந்த இலக்கியம் என்று சான்றிதழ் கேட்டு நிற்பது அடிமைப் புத்தி. அமெரிக்காவில் அடிமையாக விற்கப்பட்ட ஃபிலிஸ் வீட்லி என்ற கறுப்புப் பெண் 1773இல் கவிதை நூல் வெளியிட்டபோது, இதை இவள்தான் எழுதினாள் என்று பாஸ்டன் நகரத்துப் பெரிய மனிதர்கள் கையெழுத்துப் போட்ட சான்று அந்த நூலிலேயே அச்சாகியிருந்தது. எஜமானனின் யாப்பில் எழுதினாலும் எஜமானன் கையெழுத்து வேண்டும். 130 வருசம் கழித்து, 1903இல், டூ பாய்ஸ் தன் மக்களைப் பற்றி எழுதிய நூலில் ஒவ்வொரு அத்தியாயத்தின் தலையிலும் அடிமைகளின் துயரப் பாட்டிலிருந்து சில இசைக்குறிகளை வைத்தார். யாரிடமும் கையெழுத்துக் கேட்கவில்லை. நான் அசை பிரித்துக் காட்டியது கையெழுத்து வாங்க அல்ல. 'அதுக்கெல்லாம் யாப்பு கிடையாது' என்பது பொய் என்று காட்ட.

நம் பக்கத்துத் தப்பையும் சொல்லிவிட வேண்டும். ஊர்த்தெருவில் சாவு விழுந்தால் நம் ஆம்பளைகள் பறை அடிக்கவும், பொம்பளைகள் மாரடித்து அழவும் போக வேண்டும் என்றிருந்ததை நிறுத்த வேண்டும் என்று சங்கத்தில் பேசி முடிவெடுத்தவர்களில் நானும் ஒருவன். அந்த முடிவு சரிதான், இன்றைக்கும் சரிதான். ஆனால் இழிவான வேலையை நிறுத்தச் சொன்ன வேகத்தில், பாட்டே இழிவு என்று பையன்கள் எடுத்துக்கொண்டார்கள். அதை நாங்கள் தடுக்கவில்லை. அத்தை செத்தபோது மைக் செட் கட்டிப் பாட்டுப் போட்டார்கள். ஊருக்கே அழுதவளுக்கு ஒப்பாரி வைக்க ரெண்டு கிழவிகள்தான் இருந்தார்கள், மைக் சத்தத்தில் அவர்கள் குரல் எடுபடவில்லை. நான் போய் மைக்கை நிறுத்தச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

எழுத வருகிற தம்பி தங்கைகளிடமும் இதே கோளாறு வேறு வடிவத்தில் இருக்கிறது. மரபு என்றால் பார்ப்பான், புதுக்கவிதை என்றால் விடுதலை என்று நினைக்கிறார்கள். புதுக்கவிதையை 1930களில் மணிக்கொடியிலும், 1959க்குப் பின் எழுத்து பத்திரிகையிலும் வளர்த்தவர்களில் பலர் எந்தச் சாதி என்று எண்ணிப் பாருங்கள். வரியை உடைத்துப் போடுவதால் மட்டும் சாதி உடையாது. எந்த வடிவத்துக்கும் பிறவிச் சாதி கிடையாது, ஏற்றிவைத்த சாதிதான் உண்டு. அதை இறக்கி வைக்கலாம்.

யாப்பு வேறு, பாட்டியல் வேறு. ஓசையை எண்ணுவது ஒன்று, ஓசைக்குப் பூணூல் போடுவது இன்னொன்று. இரண்டாவதைக் கொளுத்துவோம், முதலாவதைக் கற்போம். காரிகையைக் கையில் எடுத்துக்கொண்டு எழவு வீட்டுக்குப் போய்க் கிழவிகளுக்கு மார்க் போடச் சொல்லவில்லை. எழவு வீட்டிலிருந்து காதைக் கொண்டுவந்து காரிகையைச் சோதிக்கச் சொல்கிறேன். கல்லூரியில் ஒப்பாரியை நாட்டுப்புறவியல் தாளில் மட்டும் அடைத்து வைக்காமல் யாப்புத் தாளிலும் வை என்று கேட்போம். பாட்டியல் நடத்துகிற ஆசிரியரிடம், ஐந்தாவது பா எங்கே ஐயா என்று எழுந்து கேட்போம்.

எங்கள் காலனியில் இப்போது ஒப்பாரி தெரிந்த கிழவிகள் மூன்று பேர். எழவு விழுந்தால் போய்க் கூட உட்கார்ந்துகொள்கிறேன். நோட்டு எடுப்பதில்லை. போன முறை மைக்கை நிறுத்தச் சொன்னேன். பையன்கள் முறைத்தார்கள், நிறுத்தினார்கள்.